பிரிட்டனில் படித்துக்கொண்டே வேலை

பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில், பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சரிக்கட்ட முடியாது. இரண்டு கடைகளில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டித்தான் 20. சம்பளமில்லாத வேலையும் கணக்கில் சேரும்.

முதுகலை மாணவர்கள் சறுக்குவது கோடையில்தான். வகுப்புகள் முடிந்தாலும் ஆய்வேடு எழுதும் மாதங்கள் பொதுவாக விடுமுறை ஆகாது; கட்டுப்பாடு தொடரும். முழுநேர வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன், விடுமுறைத் தேதிகளைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொருவர் கணக்கில் உணவு டெலிவரி ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து இறங்காதீர்கள். அது சுயதொழில், மாணவர் விசாவில் அனுமதி இல்லை. சிக்கினால் விசாவே பறிபோகலாம்; வீட்டை அடகுவைத்து அனுப்பிய பெற்றோரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்துக்குப் பே ஸ்லிப் கேளுங்கள். பகுதிநேர ஊழியருக்கும் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பலர் கேட்பதே இல்லை. வேலையை விடும்போது, வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் பி45 படிவத்தை வாங்கிவிடுங்கள். வரி ஆண்டில் மொத்த வருமானம் 12,570 பவுண்டைத் தாண்டாவிட்டால், பிடித்த வருமான வரியைத் திரும்பப் பெறலாம்.