ஆடு ஏறிய ஓடு

அன்புள்ள தம்பிக்கு,

செக்காலையில் தொடக்கப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்ததையும், படக்கதைப் புத்தகத்தை வைத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கட்டவும் எழுதவும் சொல்லிக்கொடுப்பதையும் எழுதியிருந்தீர்கள். கூடவே வைத்திருந்த பிள்ளைகளின் பாட்டுகளையும் படித்தேன். எல்லா வரியும் வந்தது, போனது, நின்றது, தின்றது என்றே முடிகிறது. இயைபைப் பிடித்துக்கொண்டார்கள் என்று உங்களுக்கு மகிழ்ச்சி. எனக்குச் சொல்ல இருப்பது அதைப் பற்றித்தான்.

நம் பேச்சில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்கிறது. அதனால் வரியின் கடைசி ஒத்துப்போவது பிள்ளைக்குச் சும்மா கிடைத்துவிடும். ஒரு சொல்லைக்கூடத் தேட வேண்டியதில்லை. ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தில் ஓசை வரிக் கடைசியில் இருப்பதைப் பார்த்துவிட்டு நாமும் அதையே பிடித்துக்கொள்கிறோம். தமிழ்ப் பாட்டின் ஓசை பெரிதும் வரியின் தலையில் இருக்கிறது. மோனையும் எதுகையும் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாம் வகுப்புக்கு எதுகையிலிருந்து தொடங்குங்கள். அது பிள்ளையைச் சொல் தேட வைக்கும். எழுத்தைக் கூர்ந்து பார்க்கவும் வைக்கும்.

எப்படி என்று கேட்பீர்கள். ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். சுவரில் ஒட்டிய சுவரொட்டியை ஒரு ஆடு எட்டித் தின்கிறது, பின்னால் ஓட்டு வீடு, படம் இவ்வளவுதான். கீழே அச்சாகியிருக்கும் வரியை ஒரு தாளால் மறைத்துவிடுங்கள். கேள்வி கேட்க அவசரப்படாமல் பார்க்க விடுங்கள். யாராவது ஒருவன் ‘ஆடு’ என்பான். ஆடு மாதிரி ஒலிக்கிற சொல் வேறென்ன என்று கேட்டால் வீடு, மாடு, காடு, கூடு, தோடு, மேடு என்று கொட்டும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஒருவன் ‘நடு’ என்பான். தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். ஆடு–வீடு, ஆடு–நடு என்று கைதட்டிச் சொல்லச் சொல்லுங்கள். நடு இடறுவது அவன் காதுக்கே தெரியும். முதலெழுத்து குறிலுக்குக் குறிலாகவும் நெடிலுக்கு நெடிலாகவும் ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றினால்தான் எதுகை என்ற விதியை அவன் மேல்வகுப்பில் படித்துக்கொள்ளட்டும்.

அடுத்துச் செய்ய வேண்டியதுதான் முக்கியம். கரும்பலகையில் உள்ள அந்தச் சொற்களில் எவையெல்லாம் படத்துக்குள் இருக்கின்றன என்று கேளுங்கள். காடு இல்லை. தோடு இல்லை. வீடு இருக்கிறது. ஒரு பெண் எழுந்து வந்து கூரையைத் தொட்டு, ‘சார், ஓடு!’ என்பாள். இப்போது ஆடும் ஓடும் கையில் இருக்கின்றன. ஆடு அங்கே ஏறினால் என்ன ஆகும் என்று வகுப்பே பேசத் தொடங்கிவிடும். ‘ஆடு ஏறிருச்சு, ஓடு உடைஞ்சிருச்சு’ என்று ஒருவன் எழுதினால் அப்படியே இருக்கட்டும். அதை ‘ஏறிவிட்டது, உடைந்துவிட்டது’ என்று சிவப்பு மையால் திருத்தினால் அவன் கட்டிய தாளம் போய்விடும். ஏட்டு நடையை உரைநடைப் பாடத்தில் சொல்லிக்கொடுக்க நிறைய நேரம் இருக்கிறது.

ருஷ்யாவில் கோர்னேய் சுக்கோவ்ஸ்கி என்ற குழந்தைக் கவிஞர், சின்னப் பிள்ளைகளின் பேச்சைப் பல்லாண்டு கேட்டுக் குறித்து ‘இரண்டிலிருந்து ஐந்து வரை’ என்று ஒரு புத்தகம் எழுதினார். ஓசை ஒத்துவரும் சொற்களே பொருளையும் சுமக்க வேண்டும் என்பதும், குழந்தைப் பாட்டு ஓவியர் படமாக வரையக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதும் அதில் அவர் அழுத்திச் சொல்பவை. ‘வந்தது, போனது’ வரிகளில் கதையின் சுமை அந்த விகுதிகளில் இல்லை. ஆட்டிலும் ஓட்டிலும் கதை முழுக்க இருக்கிறது.

எழுத்துப் பிழைக்கும் எதுகையே மருந்து. நம் பக்கத்துப் பேச்சில் ரகர றகரம் பெரிதாகப் பிரிவதில்லை. மரம், உரம், சரம் என்று ஒரு வரிசை; நிறம், புறம், திறம் என்று இன்னொரு வரிசை. இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும், ஏட்டில் ஒட்டாது. பல்லியும் பள்ளியும் அப்படித்தான். தனித்தனியாகச் சொல்வதெழுதுதல் வைத்தால் மறந்துபோகிற எழுத்து, வரிசையாக எழுதும்போது கையில் நின்றுவிடுகிறது. இதற்காகவே எதுகை வரிசைகளை எழுத ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனி நோட்டு போடச் சொல்வேன்.

புத்தகத்துக்கு அலைய வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்த சிறு புத்தகங்கள் பள்ளியில் இருக்கும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பீர்கள். இந்தப் பாடத்துக்கு மட்டும் அவர்களைப் பிரித்து உட்கார வைக்காதீர்கள். ஒரே படம், அரும்பு சொல்லட்டும், மொட்டு சொல்லை எழுதட்டும், மலர் வரியாகக் கட்டட்டும். பல சமயம் நல்ல எதுகை அரும்பிலிருந்துதான் வரும், ஏனென்றால் அவர்கள் இன்னும் காதால்தான் படிக்கிறார்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். திருமயம் பக்கத்து இராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா, பள்ளிக்கு நண்பர்களோடு நடந்து போன வழியிலேயே பாட்டுக் கட்டியவர். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக எழுதினார். 1944-இல் ‘மலரும் உள்ளம்’ வந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். அவர் தொகுப்பை வாங்கி முதலில் நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். அகராதி பார்க்க வேண்டிய சொல் அரிதாகவே வரும். ஓசைக்காக ஒரு பொய்ச் சொல்லை உள்ளே நுழைக்காத ஒழுக்கம் அவருடையது. அதைக் கேட்டுக் கேட்டு உங்கள் காது பழகினால்தான், பிள்ளையின் வரியில் எது நிஜம், எது ஒப்புக்கு வந்தது என்று உங்களால் சொல்ல முடியும்.

புத்தகப் படங்களில் பழகிய பிறகு, உங்கள் வகுப்பே ஒரு புத்தகம் செய்யட்டும். படம் அவர்களுடையது. செக்காலைத் தெருவில் திண்ணை இருக்கிறது, முற்றம் இருக்கிறது, பணியாரம் சுடும் ஆச்சி இருக்கிறார், பூக்கோலம் போல ஆத்தங்குடிக் கல் பதித்த கூடம் இருக்கிறது. படத்தை வரைந்த பிறகே சொல்லைத் தேடச் சொல்லுங்கள். திண்ணைக்கு என்ன எதுகை என்று முட்டி மோதி வெண்ணெய், எண்ணெய் என்று பிடித்துக்கொண்டு வருவார்கள். திண்ணையில் யார் எண்ணெயைக் கொட்டியது என்பதை அவர்களே விசாரித்து எழுதட்டும், நீங்கள் வரி சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

வாய் ஓயாமல் பேசுகிற, ஆனால் பென்சிலைத் தொடாத ஒரு சிறுமியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளை எழுது என்று வற்புறுத்த வேண்டாம். அவள் சொல்வதைச் சொன்னபடியே, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் வரைந்த படத்துக்குக் கீழே நீங்கள் எழுதுங்கள். விரல் வைத்து இருவரும் படியுங்கள். மறுநாள் அதே வரியை எழுதி, எதுகைச் சொல் வரும் இடத்தை மட்டும் காலியாக விட்டு, பென்சிலை அவள் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அன்று எழுதாவிட்டால் அடுத்த நாளும் அதே இடத்தைக் காலியாக விடுங்கள். என்ன எழுதினாள் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், தம்பி.

அன்புடன்,
உங்கள் அண்ணன்