பழைய எம்ஜிபி காரில் இரைச்சலும் சூடும்

மாணவர்களே, 1962-இல் இங்கிலாந்தில் அறிமுகமான எம்ஜிபி என்ற இரண்டு இருக்கை விளையாட்டுக் காரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. பார்க்க அழகு. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் காது இரையும், கால் வேகும். காரணம் எளிது. 1,798 கன சென்டிமீட்டர் இயந்திரம் கால்களுக்கு முன்னால் இருக்கிறது. கியர்பாக்ஸ் இரு இருக்கைகளுக்கு இடையிலுள்ள மேட்டுக்கு அடியில். புகைக்குழாய் தரைக்குக் கீழே. நடுவில் மெல்லிய எஃகுத் தகடு மட்டுமே.

பழைய கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, தடித்த கம்பளமும் நுரைப்பஞ்சும் வாங்கி உள்ளே விரிப்பதுதான். பணம் போகும், உறுமல் போகாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நான்கு உருளை இயந்திரத்தில் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு முறை எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுழற்சி என்றால் நொடிக்கு 50 சுழற்சி, 100 வெடிப்பு. ஆகவே உறுமலின் அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். அதை 100-ஆல் வகுத்தால் அலைநீளம் 3.4 மீட்டர். ஒலியை நன்றாக உறிஞ்ச, நுரை அலைநீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தடிப்பாக இருக்க வேண்டும். அதாவது 85 சென்டிமீட்டர்! அவ்வளவு நுரையை வைத்தால் ஓட்டுநர் எங்கே உட்காருவது? மெல்லிய நுரை, காற்றின் சீற்றம் போன்ற உயர்ந்த அதிர்வெண் ஒலிகளுக்குத்தான் உதவும்.

அப்படியானால் உறுமலை என்ன செய்வது? வீட்டில் ஓர் எவர்சில்வர் தட்டைத் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்கும். நடுவில் களிமண்ணை அப்பிவிட்டுத் தட்டினால் ஓசை உடனே செத்துவிடும். காரின் தரைத் தகடும் அதிர்ந்து ஒலிபெருக்கியைப் போல் நடந்துகொள்கிறது. அதனால் அலுமினியத் தாள் போர்த்திய பியூட்டைல் ரப்பரை அதன்மேல் ஒட்டுகிறார்கள். தகடு வளையும்போது நடுவில் உள்ள ரப்பர் இழுபட்டு, அதிர்வு ஆற்றலைச் சிறிதளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. தகடு முழுவதும் ஒட்டத் தேவையில்லை. அதிகம் அதிரும் நடுப்பகுதியில் கால் பங்கு மூடினாலே பெரும்பலன் கிடைக்கும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஓட்டைகளைத் தேடுங்கள். என்னைக் கேட்டால், மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தரும் வேலை இதுதான். கியர்த் தண்டின் கிழிந்த ரப்பர் உறை, மின்கம்பிகள் நுழையும் துளைகள் ஆகியவற்றின் வழியே ஒலியும் சூடான காற்றும் சேர்ந்தே உள்ளே வருகின்றன. ஒரு தடுப்பின் பரப்பில் 100-இல் 1 பங்கு திறந்திருந்தால், மீதியை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் ஒலியைக் குறைக்க முடியாது.

இனி வெப்பம். காற்றோடு வருவது வெப்பச் சலனம். ஓட்டையை அடைத்தால் அது குறையும். தகடு வழியே வருவது கடத்தல். புகைக்குழாயிலிருந்து பாய்வது பெரும்பாலும் கதிர்வீச்சு. பளபளக்கும் அலுமினியம் வெப்பக் கதிர்வீச்சில் 10-இல் 9 பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். ஒரு நிபந்தனை: அதன் முன்னால் காற்று இடைவெளி வேண்டும். தகட்டோடு அழுத்தி ஒட்டிவிட்டால் வெப்பம் கடத்தல் மூலம் தாராளமாகக் கடந்துவிடும். ஆகவே வெப்பத்தைத் திருப்பும் தகடு, குழாய்க்கும் தரைக்கும் இடையில் இரண்டையும் தொடாமல் நிற்க வேண்டும். கம்பளத்துக்கு அடியில் ரப்பரோடு இருக்கும் அலுமினியத் தாள் வேறு வேலைக்கானது.

எம்ஜிபியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் துணிக்கூரை மழையில் ஒழுகக்கூடியது. நீரை உறிஞ்சும் நுரையைத் தரையில் போட்டால் ஈரம் அதிலேயே தங்கித் தகடு துருப்பிடிக்கும். இந்தக் காருக்குத் தனிச்சட்டம் கிடையாது. தரையும் கதவுக்குக் கீழுள்ள பகுதியும் சேர்ந்துதான் காரின் பாரத்தைத் தாங்குகின்றன. அதனால் நீர் புகாத மூடிய குமிழி நுரையையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் துருவைச் சுரண்டி, வண்ணம் பூசிய பிறகு.

பயிற்சி: இதே இயந்திரம் நிமிடத்துக்கு 4,200 முறை சுழன்றால் உறுமலின் அதிர்வெண்ணும் அலைநீளமும் என்ன? (விடை: 140 ஹெர்ட்ஸ், ஏறக்குறைய 2.4 மீட்டர்)