கோர்ட்டு அனுப்பும் அலுவலர் வீட்டுக்கு வந்தால்

குடித்துவிட்டுத் தகராறு செய்து வழக்கில் மாட்டிக்கொண்டவரை எல்லா வழக்கிலும் ஜெயிலுக்குத்தான் அனுப்புவார்கள் என்பதில்லை. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, தகுந்த வழக்குகளில் கோர்ட்டு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம். மதுவைத் தொடக்கூடாது என்று நிபந்தனையும் போடலாம். அதற்கு முன் நன்னடத்தை அலுவலர் வீடு தேடி வந்து விசாரித்து, அறிக்கை கொடுப்பதுண்டு.

அவர் போலீஸ்காரர் அல்ல. அம்மா, அவரிடம் "எம் வீட்டுக்காரரு அதைத் தொட்டதே இல்லீங்க" என்று மறைக்காதீர்கள். (அக்கம்பக்கத்துக்குத் தெரிந்த சங்கதிதானே!) எத்தனை வருஷப் பழக்கம், காலையிலேயே கை நடுங்குகிறதா, வீட்டில் அடி உதை உண்டா, எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். மறைத்தால் சிகிச்சைக்கு உள்ள வழி அடைபட்டுப் போகும்.

ஐயா, உங்களுக்கும் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் கோர்ட்டுக்குப் பயந்து வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால், சில நாட்களுக்குள் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய் மனநல டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்துங்கள். மனைவியும் கூடப் போங்கள்; ஆலோசனை இருவருக்கும் உண்டு. சோற்றில் ரகசியமாக மருந்து கலப்பது மட்டும் கூடவே கூடாது, அது ஆபத்து. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். அதற்குக் காசு கிடையாது.