ஆட்டமும் அலுவலும்

சென்ற பொங்கல் விடுமுறையில் இராசபாளையம் சென்றிருந்தபோது என் சித்தப்பா என்னைத் திண்ணைக்கு அழைத்து உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள், வயது பதினாறு. மாவட்டப் பெண்கள் கிரிக்கெட் அணியில் பந்து வீசுகிறாள். 2025 நவம்பர் 2-ஆம் நாள் இரவு நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியதிலிருந்து அவளுக்கு வேறு நினைவே இல்லையாம். "ஐதராபாத்தில் பொருளியல் படிக்கிறாயே, நீயே கணக்குப் போட்டுச் சொல்லு தம்பி. இந்த ஆட்டம் சோறு போடுமா?" என்றார் சித்தப்பா. தங்கை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு விடை தெரியவில்லை. "பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுந்துவிட்டேன்.

பார்த்துச் சொல்வதற்காகப் படித்ததையே இங்கே மன்றத்து அன்பர்களுக்கு எழுதுகிறேன். ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்டது மிதாலி ராஜ் ஒருவருடைய வாழ்க்கை. அவர் தமிழ்க் குடும்பத்தவர். நாம் படிக்கும் இந்த ஊரிலேயே வளர்ந்தவர். ஆயினும் நான் அவரைத் தேர்ந்ததற்குக் காரணம் அதுவன்று. 1999 முதல் 2022 வரை அவர் ஆடிய அந்த 23 ஆண்டுகளில்தான் நம் நாட்டில் பெண்கள் கிரிக்கெட் என்பது ஊதியம் தரும் ஒரு தொழிலாக மாறியது. அவர் அந்தத் தொழிலில் சேரவில்லை. அவர் ஆடிக்கொண்டிருக்கையிலேயே தொழில் வந்து அவரிடம் சேர்ந்தது.

1982 டிசம்பர் 3-இல் சோத்பூரில் பிறந்தார். தந்தை விமானப் படையில் பணி புரிந்தவர். மகள் காலையில் நெடுநேரம் உறங்குகிறாள் என்று கண்டு, அண்ணனோடு கிரிக்கெட் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார். சோம்பலுக்கு மருந்தாகத் தொடங்கியது ஆட்டம்! அப்போது மிதாலி பரதநாட்டியமும் கற்று வந்தார். இரண்டையும் ஒருங்கே நடத்த முடியாத நிலை வந்தபோது சலங்கையைக் கழற்றிவிட்டு மட்டையை எடுத்தார். சிகந்தராபாத்தில் அவரைப் பயிற்றியவர் சம்பத்குமார். 1997-இல் உலகக் கோப்பைக்கான உத்தேச அணியில் பதினான்கு வயது மிதாலியின் பெயர் இருந்தது. இறுதி அணியில் இடம் கிட்டவில்லை. அதே ஆண்டு சம்பத்குமார் சாலை விபத்தில் இறந்தார். தம் மாணவி இந்தியாவுக்காக ஆடியதை அவர் காணவில்லை.

1999 ஜூன் 26, இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்னும் ஊர், எதிரணி அயர்லாந்து. பதினாறு வயதில் முதன்முறையாக இறங்கிய மிதாலி ஆட்டம் இழக்காமல் 114 ஓட்டங்கள் எடுத்தார். உடன் இறங்கிய ரேஷ்மா காந்தியும் ஆட்டம் இழக்காமல் 104. அணியின் கணக்கு 258. விக்கெட் ஒன்றும் விழவில்லை. எத்தனை பெரிய தொடக்கம்! ஆனால் 2002 சனவரியில் இலட்சுமணபுரியில் தம் முதல் டெஸ்டு ஆட்டத்தில் அவர் எடுத்தது பூச்சியம். அந்த ஆண்டே ஆகஸ்டில் இங்கிலாந்தின் டான்டன் நகரில் 407 பந்துகளைச் சந்தித்து 214 எடுத்தார். பெண்கள் டெஸ்டு ஆட்டத்தில் அதுவரை எவரும் எடுத்திராத தொகை அது. வயது பத்தொன்பது.

இனி, சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். இந்த 214-க்கு என்ன ஊதியம்?

அக்காலத்தில் பெண்கள் ஆட்டத்தை நடத்தியது ஆடவர் கிரிக்கெட் வாரியம் அன்று. 1973-இல் தொடங்கிய இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் என்ற தனி அமைப்பு அதனை நடத்தியது. ஆர்வம் மிகுதி, பணம் இல்லை. ஆட்டக்காரிகள் முன்பதிவு இல்லாத பெட்டிகளில் மட்டையும் மூட்டையுமாகப் பயணம் செய்தார்கள். பொதுக் கூடங்களில் தங்கினார்கள். 2005-இல் மிதாலியின் தலைமையில் இந்தியா முதன்முறையாக உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எட்டியது. அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக அவர் ஆட்டம் இழக்காமல் எடுத்தது 91. இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றார்கள். அந்தத் தொடரில் ஓர் ஆட்டத்துக்குத் தமக்குக் கிடைத்தது 1,000 ரூபாய் என்று பிற்காலத்தில் ஒரு பேட்டியில் மிதாலியே சொன்னார். உலகில் இரண்டாம் இடம் பெற்ற அணியின் தலைவிக்கு!

பிறகு எதைக் கொண்டு வாழ்ந்தார்கள்? இந்த இடத்தில்தான் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். சோறு போட்டது ஆட்டம் அன்று, அலுவல்! மிதாலி முதலில் ஏர் இந்தியா அணிக்கு ஆடினார்; பின்னர் இரயில்வேயில் வேலை பெற்றார். அவர் மட்டுமல்லர், நாட்டின் சிறந்த ஆட்டக்காரிகள் பலர் இரயில்வே ஊழியர்களே. மாதச் சம்பளம் உண்டு. பயிற்சிக்கும் போட்டிக்கும் விடுப்பு உண்டு. உள்நாட்டுப் போட்டிகளில் இரயில்வே அணி ஆண்டுக்கணக்கில் அசைக்க முடியாமல் நின்றதன் இரகசியமும் இதுவே. பெண்கள் கிரிக்கெட்டைக் காத்த புரவலர் யார் என்று என்னைக் கேட்டால், சிகந்தராபாத்திலும் பிற ஊர்களிலும் உள்ள இரயில்வே அலுவலகங்களைத்தான் காட்டுவேன்.

2006-ஐ ஒட்டி அந்தச் சங்கம் ஆடவர் வாரியத்தோடு இணைந்தது. வாரியத்திடம் பணம் இருந்தது. ஆட்டம் பெருகியிருக்கும் என்றுதானே நினைப்போம்? டெஸ்டு ஆட்டத்தைப் பொறுத்தவரை நேர்மாறாக நடந்தது. 2006-க்குப் பின் 2014 வரை இந்தியப் பெண்கள் ஒரு டெஸ்டு ஆட்டம்கூட ஆடவில்லை. 2014-இல் இரண்டு ஆடினார்கள். பிறகு மீண்டும் 2021 வரை ஒன்றுமில்லை. சச்சின் தெண்டுல்கர் 24 ஆண்டுகளில் 200 டெஸ்டுகள் ஆடினார். மிதாலி தம் காலம் முழுவதும் ஆடியவை 12. பத்தொன்பது வயதில் 214 எடுத்தவருக்கு வாய்த்தவை பன்னிரண்டே! அவருடைய ஏட்டில் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் எண் இது.

ஊதிய ஒப்பந்தம் 2015-இல் வந்தது. பதினொரு பேருக்கு, முதல் பிரிவினருக்கு ஆண்டுக்கு 15 இலட்சம், அடுத்தவர்க்கு 10 இலட்சம். முதல் பிரிவில் நால்வர். அவர்களுள் ஒருவர் மிதாலி. மற்றொருவர் நம் தமிழ்நாட்டுத் திருஷ் காமினி. அப்போது மிதாலி நாட்டுக்காக ஆடத் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2017 உலகக் கோப்பையின்போது அவர் ஒருநாள் ஆட்டங்களில் 6,000 ஓட்டங்களைக் கடந்தார். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்த எல்லையை எட்டியதில்லை. இலார்ட்சு மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் இங்கிலாந்து வென்றது. வேறுபாடு 9 ஓட்டங்கள். அந்தத் தோல்விதான் வீடுதோறும் பெண்கள் ஆட்டத்தைப் பேசவைத்தது.

அவர் மெதுவாக ஆடுகிறார் என்ற குறை அவரைக் கடைசிவரை தொடர்ந்தது. இருபது ஓவர் ஆட்டத்தில் அந்தக் குறைக்கு நியாயம் உண்டு என்றே நானும் எண்ணுகிறேன். ஒருநாள் ஆட்டத்தில் அவ்வளவாக இல்லை. அவர் வளர்ந்த காலத்து அணியில், அவர் ஆட்டம் இழந்தால் பின்வருவோர் தாங்குவார்கள் என்ற உறுதி இல்லை. வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவராக இருந்தால் அவர் கை இறுகத்தானே செய்யும்! 232 ஒருநாள் ஆட்டங்களில் 7,805 ஓட்டங்கள், சராசரி 50-க்கு மேல். 2022 சூன் 8-இல் ஓய்வை அறிவித்தார்.

அவர் விலகிய பின்னர் வந்தவற்றைப் பாருங்கள். 2022 அக்டோபரில் ஆட்டக் கட்டணம் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் சமம் என்று வாரியம் அறிவித்தது: டெஸ்டுக்கு 15 இலட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 இலட்சம், இருபது ஓவருக்கு 3 இலட்சம். (ஆண்டு ஒப்பந்தத் தொகை அவ்வாறு சமமாக்கப்படவில்லை.) 2023-இல் மகளிர் பிரீமியர் லீக் தொடங்கியது, முதல் ஏலத்தில் சுமிருதி மந்தனாவுக்கு 3 கோடியே 40 இலட்சம். மிதாலி அதில் ஆடவில்லை. குசராத் அணிக்கு வழிகாட்டியாக அமர்ந்திருந்தார். 2025-இல் கோப்பையை வென்ற பெண்கள், மைதானத்திலிருந்த மிதாலி முதலிய மூத்தவர்களின் கையில் அதைக் கொடுத்து ஏந்தச் செய்தார்கள்.

கோடிகளைக் கண்டு நான் கணக்கை முடித்துவிடவில்லை. அந்த லீக்கில் ஐந்து அணிகள். அணிக்குப் பதினெட்டுப் பேர் வரை. அவர்களுள் ஆறு பேர் வரை வெளிநாட்டார். ஆக, நம் நாட்டுப் பெண்களுக்கு ஏறத்தாழ அறுபது இடங்கள். மாநில அணியில் இடம் பெறுவோர்க்கு நாள் கட்டணம் உண்டு. 2021-இல் அது 12,500 ரூபாயிலிருந்து 20,000 ஆயிற்று. ஆனால் ஆட்ட நாட்கள் இருந்தால்தானே கட்டணம்?

இவற்றையெல்லாம் தொலைபேசியில் சித்தப்பாவிடம் சொன்னேன். 'போடும்' என்றும் சொல்லவில்லை, 'போடாது' என்றும் சொல்லவில்லை. மாநில அணியை எட்டினால் வருவாய் உண்டு; அதற்குக் கீழே இன்றும் அலுவல்தான் துணை; அவள் பட்டப் படிப்பை விடக்கூடாது; பந்தையும் விடவேண்டியதில்லை என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இரயில்வேயில் விளையாட்டுக்காரர்களை எடுக்க என்ன படித்திருக்க வேண்டும் என்று விசாரி" என்றார். வைக்கப்போகிறார் என்று நினைத்தேன், வைக்கவில்லை. "பந்து வீசுகிறவர்களுக்கென்று ஆணி வைத்த காலணி இருக்கிறதாமே, அங்கே என்ன விலை?" என்று கேட்டார்.