குடும்ப வழக்கும் வக்கீலும்



சரக்கு விஷயத்தில் நம்மவர்களை யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது. ஒரு மூட்டை வெங்காயம் வாங்கினாலும் பிரித்துப் பார்த்து, நிறுத்துப் பார்த்து, ரசீது வாங்கிய பிறகே பணத்தை நீட்டுவோம். கூட்டு வியாபாரம் என்றால் வக்கீலை வைத்துப் பத்திரம் எழுதாமல் ஒரு காசு போடமாட்டோம். ஆனால் வீட்டிலே தலாக், ஜீவனாம்சம் என்று ஒரு விஷயம் கிளம்பிவிட்டால் மட்டும், "வக்கீல் எதற்கு? நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசினால் தீர்ந்தது" என்கிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதனால் விளைந்ததைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் அஹ்மது இப்ராஹீம். 1916-ல் சிங்கப்பூரில் பிறந்தவர். ராஃபிள்ஸ் பள்ளியிலும் ராஃபிள்ஸ் கல்லூரியிலும் படித்து, குயின்ஸ் ஸ்காலர்ஷிப் பெற்று கேம்பிரிட்ஜ் சென்றார். லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டரானார். ஊர் திரும்பி வக்கீல் தொழில் நடத்தினார். 1959-ல் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக அமர்ந்தார். 1965-ல் சிங்கப்பூர் சுதந்திரமடைந்தபோது முதல் அட்டர்னி ஜெனரல் அவர்தான்.

1950-களில் நம் சமுதாயத்தின் நிலை என்ன தெரியுமா? கணவன் காழியிடம் போய்த் தலாக் சொல்லிப் பதிந்துவிட்டு வருவான். மனைவிக்குச் செய்தி பிறகுதான் போகும். இரண்டு நிக்காஹ் பதிவானால் ஒரு தலாக் பதிவாகும் என்கிற கணக்கில் இருந்தது அந்தக் காலம். 1957-ல் புதிய முஸ்லிம் சட்டம் இயற்றப்பட்டு, 1958-ல் ஷரீஅத் நீதிமன்றம் ஏற்பட்டது. இருவரும் சம்மதித்தால் ஒழிய காழி தலாக்கைப் பதியக் கூடாது, மற்றவை எல்லாம் நீதிமன்றத்துக்கு வரவேண்டும் என்றாயிற்று. சில ஆண்டுகளிலேயே தலாக் எண்ணிக்கை வெகுவாக இறங்கிவிட்டது. தலாக் சொல்பவனை இன்னொருவர் முன் நிறுத்தி, "ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்டதற்கே இத்தனை பலன்!

அதன்பின் 1966-ல் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் நிறைவேறி, 1968-ல் அமலுக்கு வந்தது. அதை வரைந்த கை அஹ்மது இப்ராஹீம் அவர்களுடையது. பிற்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் போதித்தார். 1983-ல் மலேசியாவில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் சட்டத் துறையை உருவாக்கினார். ஷரீஅத்தும் நாட்டுச் சட்டமும் இரண்டும் தெரிந்த வக்கீல்கள் வேண்டும் என்பது அவருடைய நோக்கம். 1999-ல் வபாத்தானார். அந்தத் துறை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்த இரண்டு கல்வி என்பது சின்ன விஷயமல்ல. மதரஸாவில் ஓதிய எனக்குத் தலாக்கின் வகைகள் தெரியும். ஆனால் வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் இருந்தால் என்ன செய்வது என்று எந்தக் கிதாபிலும் நான் ஓதவில்லை. வீட்டுக் கடன் தெரிந்த வக்கீலுக்கோ இத்தாவும் முத்ஆவும் தெரியாமல் இருக்கலாம். ஆகவே வக்கீலிடம் முதலில், "ஷரீஅத் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். மலேசியாவில் இதற்கென்றே பெகுவாம் ஷரீஇ என்று தனியாக அனுமதி பெற்றவர்கள் உண்டு. அந்த அனுமதி மாநிலத்துக்கு மாநிலம் தனி. சிலாங்கூரில் அனுமதி பெற்றவர் அதை வைத்துக்கொண்டு ஜொகூரில் வாதாட முடியாது. அக்கரையில் கடையும் இக்கரையில் குடும்பமுமாக இருக்கிற சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நல்ல குடும்ப வக்கீல் எப்படி நடந்துகொள்வார்? முதல் நாளே மனு எழுத உட்காரமாட்டார், கேட்பார். சேர்ந்து வாழ வழி இருக்கிறதா என்று விசாரிப்பார். சிங்கப்பூரில் தலாக் மனுப் போடுமுன்னரே ஆலோசனைக்குப் போக வேண்டும் என்பது விதி. பிறகு சமரசப் பேச்சு. அதுவும் முறிந்தால்தான் விசாரணை. சூரத்துன் நிஸாவின் 35-வது ஆயத்து இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு ஹகமை நியமிக்கச் சொல்கிறதல்லவா, அந்த ஹகம் முறைக்கும் 1966 சட்டத்தில் இடம் இருக்கிறது.

அடுத்தபடி காகிதம் கேட்பார். நிக்காஹ் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சேமநிதிக் கணக்கு, வீட்டுக் கடன் கடிதம், கடைக் கணக்கு. கடைக் கணக்கு என்றதும் நம்மவர்கள் முகம் மாறும்! ஆனால் கட்சிக்காரர் சொல்வதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. கூடப் பிறந்த அண்ணனிடம்கூடச் சொல்லக் கூடாது. அவரிடம் மறைத்துவிட்டு எதிர்த் தரப்பு அதை எடுத்து நீட்டும்போது விழிப்பதில் லாபமில்லை. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே வக்கீல் வாதாடவும் முடியாது. "எங்கள் கடை வக்கீலே இருவருக்கும் பார்த்துக்கொள்வார்" என்று யாராவது சொன்னால், பெண் வீட்டார் எழுந்து வேறு வக்கீலைத் தேட வேண்டும். பணமில்லாதவர்களுக்கு, வருமானத்தைப் பார்த்து உதவுகிற சட்ட உதவிப் பணியகம் சிங்கப்பூரில் 1958 முதல் இருக்கிறது.

இனி என் கதை. என் மாமி மகள் ஒருத்தி. கணவன் பல மாதமாகச் செலவுக்குப் பணம் தரவில்லை. மூன்று மாதம் செலவு கொடாமல் இருந்தாலே ஃபஸக் கேட்கலாம் என்று சிங்கப்பூர்ச் சட்டத்திலும் இருக்கிறது, மலேசியாவின் 1984-ம் ஆண்டுக் கூட்டரசுப் பிரதேசச் சட்டத்திலும் இருக்கிறது. அன்று எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. கடை மாடியில் நால்வர் உட்கார்ந்தோம். அவள் கணவனும் உட்கார்ந்திருந்தான். அவளைக் கூப்பிடவில்லை. இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அலீ (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செய்த உபதேசம் எனக்குச் சிறு வயதிலேயே பாடம். இருந்தும் கேட்கவில்லை.

ஒரு தொகை பேசி, வெள்ளைத்தாளில் எழுதி, "நீதிமன்றத்தில் கேட்டால் சம்மதம் என்று சொல்லிவிடு, வக்கீலுக்குப் பணத்தைக் கொட்டாதே" என்று அவளிடம் சொன்னவன் நான். அவளும் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்றாள். இத்தாச் செலவு கேட்கவில்லை, முத்ஆ கேட்கவில்லை. அவளும் சேர்ந்து பணம் கட்டிய வீட்டில் பங்கு கேட்கலாம் என்பதும் அவளுக்குத் தெரியாது. கைக்கு வந்த பணம் பிள்ளைகளின் ஒரு வருஷத்துச் செலவுக்கே போதவில்லை. பிறகு ஒரு வக்கீலிடம் போனபோது அவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு, "இதற்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா?" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

சென்ற வருஷம் அவளுடைய மகளுக்கு நிக்காஹ் நடந்தது. காழி தஅலீக் நிபந்தனைகளை வாசித்தார். "இன்னொரு தடவை, மெதுவாக" என்று பெண்கள் பக்கத்திலிருந்து என் மாமி மகளின் குரல் கேட்டது. மாப்பிள்ளை வீட்டாரில் சிலர் முகம் சுளித்தார்கள். காழி மறுபடி வாசித்தார். நான் அன்று வாயைத் திறக்கவில்லை.