நெடுந்தொலை ஓட்டம்

மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் அரணென நிற்க, இடையே நெல்லும் தென்னையும் திராட்சையும் செழித்து விளங்குவது கம்பம் பள்ளத்தாக்கு. தேனி மாவட்டத்தைச் சார்ந்த இப்பள்ளத்தாக்கில், சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் வழியாகக் கம்பம் சென்றடையும் சாலை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுடையது. பேருந்தில் அமர்ந்து செல்வோர்க்கு அது சிறு பயணமே. ஆனால், அத்தொலைவையும் அதற்குமேல் ஒரு கிலோமீட்டரையும் கால்களையே துணையாகக் கொண்டு ஓடிக் கடப்பவரும் உளர். அவ்வோட்டமே அரை மாரத்தான் எனப்படும். அதன் சரியான அளவு 21.0975 கிலோமீட்டர்.

மாரத்தான் என்பது கிரேக்க நாட்டிலுள்ள ஓர் ஊர். கி.மு. 490-இல் ஏதென்ஸ் நகரத்தார் அங்கே பாரசீகரை வென்றனர். அவ்வெற்றிச் செய்தியைச் சுமந்து ஏதென்ஸ் வரை ஓடிய வீரன் ஒருவன், செய்தியைக் கூறிய அளவிலேயே உயிர் துறந்தான் என்பது கதை. அதன் நினைவாக, 1896-இல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக் விழாவில் மாரத்தான் ஓட்டம் சேர்க்கப்பெற்றது. 1921-இல் அதன் தொலைவு 42.195 கிலோமீட்டர் என வரையறுக்கப்பட்டது. அதிற் பாதியே அரை மாரத்தான். கதையில் வரும் வீரன் போற்றத்தக்கவனே. ஆயினும், ஓடி முடித்த பின்னரும் நலங்குன்றாத உடலோடு வீடு திரும்புவதே இக்காலத்தார் விரும்பும் வெற்றியாகும்.

அவ்வெற்றிக்கு வழி யாது? கம்பம் பள்ளத்தாக்கின் உழவரே அதனை நன்கு அறிவர். 1895-இல் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் பெரியாற்றின் குறுக்கே அணையைக் கட்டி முடித்தார். அங்குத் தேங்கிய நீர் மலையைக் குடைந்த வழியே வந்து வயல்களில் பாய்கிறது. அந்நீரை ஒரே நாளில் திறந்துவிட்டால் கரை உடையும், பயிர் அழியும். அளந்து விட்டால் அறுவடைவரை உதவும். மனித உடலும் அத்தகையதே. உண்ட உணவின் மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாகத் தங்குகிறது. தொடக்கத்திலேயே விரைந்து ஓடுபவன் அச்சேமிப்பை விரைவில் செலவிட்டு, இடைவழியில் தளர்கிறான். நிதானமாக ஓடுபவனுக்கோ உடலிலுள்ள கொழுப்பும் எரிபொருளாகிக் கைகொடுக்கிறது.

பயிற்சியிலும் அளவு வேண்டும். சில வாரம் ஓடிய அளவிலேயே இதயமும் நுரையீரலும் பழகிவிடும். மூச்சு இரைப்பதும் குறையும். எலும்பும் தசைநாணும் அவ்வளவு விரைவில் உறுதி பெறுவதில்லை. மூச்சை மட்டும் நம்பித் தொலைவைத் திடீரெனக் கூட்டுபவர் முழங்காலிலும் கணைக்காலிலும் நோவுற்று வருந்துவர். ஆதலின், 5 கிலோமீட்டர் தளராது ஓடப் பழகியவரும் மேலும் மூன்று திங்களேனும் பயிலுதல் நலம். வாரம் ஒருமுறை நெடுந்தொலைவு ஓடி, அத்தொலைவைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். ஓய்வு நாளும் பயிற்சியின் ஒரு கூறே; தேய்ந்த தசை அன்றுதான் தன்னைச் செப்பனிட்டுக் கொள்கிறது.

நிலத்தின் இயல்பையும் ஓடுவோர் அறிதல் வேண்டும். கோடையில் கதிரவன் எழுமுன் ஓடுவதே தக்கது. வெயிலில் வியர்வை மிகுந்து நீரும் உப்பும் குறையும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில், கம்பத்தை நோக்கி ஓடுபவரைக் காற்று எதிர்த்துத் தள்ளும். அப்போது கடிகாரத்தை மறந்து, வேகத்தைக் குறைத்து, மூச்சு சீராக இருக்கும்படி ஓடுவதே அறிவுடைமை.

இத்தகைய நெடும்பயிற்சியின் பயனைத் தமிழகம் கண்டுள்ளது. புதுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த எல். சூரியா என்னும் வீராங்கனை, 2016-இல் குவாகாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டு தில்லி அரை மாரத்தானை 1 மணி 10 நிமிடம் 31 விநாடியில் ஓடி, இந்தியப் பெண்களுள் முதலிடம் பெற்றார். ஒரு கிலோமீட்டரை ஏறத்தாழ 3 நிமிடம் 20 விநாடியில் கடக்கும் அவ்வேகத்தை, ஒரு மணி நேரத்திற்கு மேலும் குன்றாது காத்தமையே அவர்தம் பெருமை.

பதினெட்டு வயது நிரம்பியோரையே அரை மாரத்தானில் சேர்த்துக்கொள்வது பல போட்டிகளின் விதி. வளரும் எலும்புக்குப் பெருஞ்சுமை தகாது. மாணவர் இன்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மகிழ்வுடன் ஓடிப் பழகினாற் போதும். பதறாத காரியம் சிதறாது என்பது முதியோர் வாக்கு. விதைத்த அன்றே கதிரை எதிர்பாராது நாள்தோறும் மடை பார்த்து நீர் பாய்ச்சும் உழவன்போல, உடலைப் பொறுமையுடன் பேணி வளர்ப்பவனுக்கு நெடுவழியும் எளிதாகும்.