சிர்ரஸ் வாங்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீயும் உன் தோழியும் பாதிக்குப் பாதி பணம் போட்டு, 2007-ல் செய்த சிர்ரஸ் எஸ்ஆர்22 ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருப்பதாக உன் அப்பா போனில் சொன்னான். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. டல்லாஸில் நீ பறக்கும் விமான நிலையத்தில் ஆளுக்கொன்று சொல்லி உன்னைக் குழப்பி வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னான். செஸ்னா வைத்திருப்பவர், “அது பிளாஸ்டிக், பாராசூட் இல்லாவிட்டால் அரசாங்கமே அனுமதி கொடுத்திருக்காது” என்கிறாராம். சிர்ரஸ் வைத்திருப்பவர், சின்ன விமானங்களில் இதைவிடப் பாதுகாப்பானது கிடையாது என்று அடித்துச் சொல்கிறாராம். உன் அம்மா முதல் பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடக்கிறாள்.

ஹாங்கரில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் கேட்ட வழக்குதான் இது. பணம் போட்டு வாங்கியவர் தன் விமானத்தை விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார். அதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் வாதாடுவது ஒரு மாடலின் பேரைப் பற்றி. நீ வாங்கப்போவதோ வரிசை எண் பொறித்த ஒரே ஒரு விமானத்தை. இத்தனை வருஷம் அது யார் கையில் இருந்தது, வெயிலில் நின்றதா கூரைக்குள் நின்றதா, என்ன பழுதானது, யார் சரிசெய்தார்கள் என்பதெல்லாம் அந்த ஒன்றுக்கு மட்டுமே உரிய கதை. அதை மாடலின் பேர் சொல்லாது. ஆனாலும் பேரைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். அந்தக் குழப்பம் தீர்ந்தால்தான் நீ மற்றதைக் கவனிப்பாய்.

சிர்ரஸைத் தொடங்கியவர்கள் ஆலன், டேல் கிளாப்மையர் என்ற அண்ணன் தம்பி. 1984-ல் விஸ்கான்சினில் பராபூ என்ற ஊருக்குப் பக்கத்தில், பெற்றோரின் பண்ணைக் களஞ்சியத்தில் வேலையை ஆரம்பித்தார்கள். மறு வருஷம் ஆலன் ஓட்டிய விமானம் நடுவானில் இன்னொன்றோடு மோதியது. இறக்கையில் ஒரு பகுதி போன பிறகும் அவர் எப்படியோ தரையிறக்கிவிட்டார். மற்ற விமானத்தில் இருந்தவர் பிழைக்கவில்லை. ஓட்டுபவர் எவ்வளவு திறமைசாலியானாலும் கடைசியாக ஒரு வழி இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் பிறந்தது. விமானத்தையே சுமந்து இறக்கும் பாராசூட் சிர்ரஸுக்குள் வந்தது இப்படித்தான். விமானத்தின் குறையை மூடி மறைக்க வைத்தார்கள் என்று சொல்பவர்கள் இந்த முன்கதையை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

செஸ்னாக்காரர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அதையும் தெரிந்துகொள். 1998-ல் உன் விமானத்துக்கு முந்தைய மாடலான எஸ்ஆர்20-க்கு அனுமதி கொடுத்தபோது, ஸ்பின்னில், அதாவது சுழன்றபடி, விழுந்தால் மீண்டு வரும் என்று வழக்கமான சோதனையால் நிரூபிக்கச் சொல்லவில்லை. அதற்கு ஈடாகப் பாராசூட்டையும், எளிதில் ஸ்பின்னுக்குள் போகவிடாத இறக்கை அமைப்பையும் ஏற்றுக்கொண்டார்கள். இறக்கையின் முன் விளிம்பைப் பார்த்தால் வெளிப்பாதியில் ஒரு படி மாதிரித் தெரியும். உள்பாதி ஸ்டால் ஆகித் தூக்கும் சக்தியை இழந்த பிறகும் வெளிப்பாதி காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரான் கொஞ்ச நேரம் கைக்கு அடங்கும். பிறகு ஐரோப்பிய அனுமதிக்காக நிஜமாகவே சுழலவிட்டுப் பார்த்தபோது, முறையாகக் கையாண்டால் மீள்கிறது என்று கண்டார்கள். இருந்தும் கையேட்டில் ஸ்பின்னுக்குச் சொல்லப்பட்ட ஒரே வழி பாராசூட்தான். நீயும் அதையே பிடித்துக்கொள். அங்கே சாமர்த்தியம் காட்ட நினைக்காதே.

தொடக்கத்தில் சறுக்கலும் உண்டு. 1999 மார்ச்சில், விற்பனை தொடங்கும் முன்பே, ஸ்காட் ஆண்டர்சன் என்ற சோதனை விமானி டுலூத்தில் எஸ்ஆர்20-ஐ ஓட்டும்போது ஏலரான் இறுகிக்கொண்டு இறந்துபோனார். அந்த விமானத்தில் பாராசூட் இன்னும் பொருத்தப்படவில்லை. காரணத்தைக் கண்டு வடிவத்தைத் திருத்திய பிறகுதான் விமானங்கள் வாடிக்கையாளரிடம் போயின.

அதற்குப் பிந்தைய பத்து வருஷம்தான் இந்த விமானத்துக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தது. உயிர்ச்சேத விகிதம் மற்ற சின்ன விமானங்களைவிடக் குறைந்திருக்க வேண்டும், கூடுதலாக இருந்தது. காசும் அவசரமும் உள்ளவர்கள், புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள், வேகமான விமானத்தை வாங்கி மோசமான வானிலைக்குள் நுழைந்தார்கள். தலைக்கு மேலே பாராசூட்டின் சிவப்புக் கைப்பிடி இருக்கிறது என்ற தைரியத்தில் போய், இழுக்க வேண்டிய நேரத்தில் இழுக்காமல் செத்தவர்கள் பலர். 2006 அக்டோபரில் பேஸ்பால் வீரர் கோரி லைடிலும் கூட இருந்த பயிற்சியாளரும் நியூயார்க்கில் ஈஸ்ட் ரிவர் மேலே திரும்பும்போது ஓர் அடுக்குமாடியில் மோதி இருவரும் இறந்தார்கள். பத்திரிகையெல்லாம் சிர்ரஸ் என்ற பேரை எழுதின. விசாரணையில் விமானத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை. குறுகலான ஆற்றுப் பாதையில், காற்று தள்ளும் பக்கத்தை யோசிக்காமல், கிடைத்த அகலத்தையும் முழுதாகப் பயன்படுத்தாமல் திரும்பியதே காரணம்.

பிறகு அந்தப் பேர் மாறியது. எப்படி மாறியது என்பதுதான் நீ கவனிக்க வேண்டியது. சிர்ரஸ் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒவ்வொரு விபத்தறிக்கையையும் எடுத்து வைத்துப் படித்தது. வார இறுதிப் பயிற்சிகள் நடத்தியது. இழுக்கலாமா வேண்டாமா என்று வானத்தில் யோசிக்காதே, தரையிலேயே முடிவு செய்துகொண்டு ஏறு என்று திரும்பத் திரும்பச் சொன்னது. கம்பெனியும் தன் பயிற்சியை மாற்றியது. 2014-ல் உயிர்ச்சேத விபத்துகள் மூன்றுக்கு இறங்கின. அதே வருஷம் பாராசூட்டில் இறங்கிய விமானங்கள் அதைவிடப் பல மடங்கு. இதுவரை 250 பேருக்கு மேல் அந்தப் பாராசூட்டால் பிழைத்திருக்கிறார்கள். 2004-ல் செய்த விமானம் 2014-லும் அதே விமானம்தான், மகளே. அதே இறக்கை, அதே கண்ணாடி இழை. ஓட்டியவர்கள் மாறினார்கள், பேர் மாறியது. ஆகவே இந்த மாடல் நல்லதா கெட்டதா என்று யாராவது உன்னிடம் ஆரம்பித்தால், எந்த வருஷத்துப் பேரைச் சொல்கிறீர்கள் என்று கேள்.

இனி கட்டுமானத் தரத்துக்கு வருகிறேன். இதுதான் என் தொழில்.

பிளாஸ்டிக் என்று அவர் சொல்வது கண்ணாடி இழையையும் எபாக்ஸி பிசினையும் சேர்த்துச் செய்த உடம்பை. 2007-ல் வந்த ஜி3 மாடலில் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரை கார்பன் இழையில் செய்தார்கள். உன் விமானம் ஜி3-தானா என்று வரிசை எண்ணை வைத்து உறுதி செய்துகொள். இந்த உடம்பு துருப்பிடிக்காது, அலுமினியத்தைப் போல ரிவெட்டைச் சுற்றி விரிசல் விடாது. ஆனால் சூடு ஆகாது. அளவுக்கு மீறிச் சூடேறினால் பிசின் வலு குறையும். பழைய சிர்ரஸ்கள் வெள்ளை வெளேரென்று இருப்பது அழகுக்காக இல்லை, இதற்காகத்தான். டெக்சாஸ் வெயிலில் திறந்தவெளியில் கட்டிப்போட்டு வைக்காதே, ஹாங்கர் வாடகை சேர்த்துக் கணக்குப் போடு. உடம்புக்கு 12,000 மணி நேரம் என்று ஆயுள் வரம்பும் உண்டு. அதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். நீங்கள் இரண்டு பேரும் ஆண்டுக்கு 200 மணி நேரம் பறந்தால்கூட அது உங்களைத் தொடாது. பயிற்சிப் பள்ளியில் ஓடிய விமானமாக இருந்தால் மட்டும் கவலைப்படு.

இந்த உடம்பில் அடி வெளியே தெரியாது என்பது எனக்குப் பெரிய விஷயம். அலுமினியத்தில் ஆலங்கட்டி விழுந்தால் குழி தெரியும். கண்ணாடி இழை உள்ளே அமுங்கித் திரும்ப நிமிர்ந்துவிடும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். ஒரு கால் டாலர் நாணயத்தை எடுத்து இறக்கையின் மேல் விரலளவு இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் “டிக், டிக்” என்று கூர்மையாகக் கேட்கும். பிரிந்த இடம் வந்தவுடன் “டொக்” என்று மந்தமாகும். சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். இதைச் சோம்பலில்லாமல் முழு இறக்கைக்கும் செய்கிற மெக்கானிக்கைத் தேடிப் பிடி.

அடுத்து பிரேக். சிர்ரஸில் முன்சக்கரம் தானாகத் திரும்பும், மிதிகட்டையோடு தொடர்பில்லை. தரையில் திருப்ப வேண்டுமானால் ஒரு பக்கத்து பிரேக்கை அழுத்த வேண்டும். பழக்கமில்லாதவர்கள் எஞ்சினுக்கு அதிக சக்தி கொடுத்துவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே ஊர்ந்து போவார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வெந்து இறுகி, எண்ணெய் கசிந்து, சூடான தட்டின்மேல் சொட்டித் தீப்பிடித்த கதைகள் உண்டு. இதற்காகவே பிரேக் உறையில் ஒரு சின்ன வெப்ப ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதன் நடுப்பொட்டு வெள்ளையாக இருந்தால் சரி. கறுத்திருந்தால், பிரேக் ஒருமுறையாவது அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. வளையத்தை மாற்றியாக வேண்டும். சக்கர மூடிக்குள் டார்ச் அடித்து நீயே பார். அந்தப் பொட்டு வளையத்தின் நிலையை மட்டுமல்ல, முந்தைய ஆள் எப்படி ஓட்டினார் என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

கதவைப் பற்றிச் சிர்ரஸ்காரர்களே குறைபட்டுக்கொள்வார்கள். பழைய மாடல்களில் தாழ்ப்பாள் சரியாக விழாமல், ஓடுபாதையைவிட்டு எழும்பியதும் திறந்துகொண்ட சம்பவங்கள் நிறைய. திறந்தாலும் விமானம் பறக்கும். பயந்துபோய்க் கதவையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. வாங்கும் முன் மேல் தாழும் கீழ்த் தாழும் இரண்டு பக்கமும் முழுதாக விழுகின்றனவா என்று பார்.

உன் விமானத்தில் இருப்பது அவிடைன் கருவித் திரையாகத்தான் இருக்கும், கார்மின் பெர்ஸ்பெக்டிவ் திரை 2008-ல்தான் வந்தது. அவிடைன் கெட்டால் செலவு. எஞ்சின் கான்டினென்டல் 550. சிலிண்டர்களின் அழுத்த அளவைப் பழைய அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல். 2023-ல் அதே கம்பெனியின் புது எஞ்சின்கள் சிலவற்றில் கிராங்க்‌ஷாஃப்ட்டின் எதிர்எடையைப் பிடிக்கும் வளையங்கள் சரியாகப் பொருந்தவில்லை என்று தெரிந்து, சிர்ரஸ் தன் சொந்த விமானங்களையே நிறுத்தி வைத்தது. உன் விமானத்துக்குச் சமீபத்தில் புது எஞ்சின் போட்டிருந்தால் அதையும் கேள். சிர்ரஸ் கம்பெனியைச் சீன நிறுவனம் ஒன்று 2011-ல் வாங்கியதைப் பற்றியும் பேசுவார்கள். உன் விமானம் அதற்கு முன்பே பிறந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சிர்ரஸின் பாராசூட் முதன்முதலில் உயிர் காத்தது உங்கள் ஊர்ப் பக்கம்தான், லூயிஸ்வில்லில், 2002 அக்டோபர் 3-ஆம் தேதி. பறந்துகொண்டிருக்கும்போதே எஸ்ஆர்22-ன் இடது ஏலரான் கழன்று தொங்கியது. ஓட்டியவர் கைப்பிடியை இழுத்துக் காயமில்லாமல் இறங்கினார். தொழிற்சாலையில் தப்பு நடக்கவில்லை. பழுது பார்த்தபோது ஏலரானைத் திரும்ப மாட்டியவர்கள் சரியாக மாட்டவில்லை. எவ்வளவு நன்றாகச் செய்த விமானமும், ஒரு போல்ட்டைக் கவனிக்காமல் விட்ட கையால் கெட்டுப்போகும். அதனால்தான் சிர்ரஸ் நல்லதா என்பதைவிட, அந்த விமானத்தைத் தொட்ட கைகள் யாருடையவை என்று நான் கேட்கிறேன்.

அதற்குப் பதில் லாக் புத்தகத்தில் இருக்கிறது. நம் ஊரில் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் யாரும் கால் சென்ட் நிலம்கூட வாங்கமாட்டார்கள். விமானத்துக்கு லாக் புத்தகம் அதுதான். உடம்புக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, புரொப்பெல்லருக்கு ஒன்று. முதல் நாளிலிருந்து தொடர்ச்சியாக வர வேண்டும். நடுவில் ஒரு புத்தகம் தொலைந்துவிட்டது என்றால் விலையைக் குறைக்கப் பார்க்காதே, திரும்பி வந்துவிடு. ஒவ்வொரு ஆண்டுப் பரிசோதனையிலும் என்ன கண்டார்கள் என்று எழுதியிருக்கிறதா, வெறும் கையெழுத்து மட்டும் இருக்கிறதா என்று பார். எந்தக் குறையும் எழுதாத பரிசோதனை வருஷா வருஷம் வந்தால் அவர்கள் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம். பாராசூட்டைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், செலவு ஆயிரக்கணக்கான டாலர். 2017-ல் மாற்றியிருந்தால் 2027-ல் மறுபடி. அந்தச் செலவு நெருங்கும்போது விற்கக் கிளம்புபவர்கள் உண்டு. தேதியைப் பார்த்து விலை பேசு.

பரிசோதிக்கும் மெக்கானிக் விற்பவருக்கு வாடிக்கையாக வேலை செய்பவராக இருக்கக்கூடாது. சிர்ரஸில் பழகியவராக இருக்க வேண்டும். கூலி அதிகம் கேட்டாலும் கொடு. வாங்கிய பிறகு உன் தோழியும் நீயும் தனித்தனியாக சிர்ரஸ் பயிற்சியாளரிடம் முழுப் பயிற்சி முடித்த பிறகுதான் பயணிகளை ஏற்ற வேண்டும். 2000 அடிக்குக் கீழே எஞ்சின் நின்றால் என்ன செய்வோம் என்று ஒவ்வொரு முறையும் ஓடுபாதையில் நிற்கும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். உன் அம்மாவை முதல் பயணத்தில் கூட்டிப்போகாதே. பயிற்சி முடியட்டும், பிறகு நானே வந்து அவளோடு பின்சீட்டில் உட்காருகிறேன்.

இப்போதைக்கு ஒன்று செய். மூன்று லாக் புத்தகங்களையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஸ்கேன் செய்து இந்த வாரமே எனக்கு அனுப்பு. நான் படித்துப் பதில் சொல்லும்வரை ஒரு டாலர்கூட முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
பெரியப்பா